கோளாறு ஃப்ரீசரில் இல்லை

ஆராய்ச்சிக்காக நோயாளிகளின் திசுக்களை உறைய வைத்துச் சேமிக்கும் எங்கள் திசு வங்கியில், வாய்ப் புற்றுநோய் மாதிரிகளின் ஆர்என்ஏ (மரபணுச் செய்தியைச் சுமக்கும், உடனே உறைய வைக்காவிட்டால் எளிதில் சிதையும் மூலக்கூறு) அடிக்கடி சிதைந்திருந்தது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத்தான் சந்தேகப்பட்டேன். வெப்பப் பதிவில் குறையே இல்லை. சரி என்று ஆபரேஷன் தியேட்டருக்கே போய் நின்றால், வெட்டியெடுத்த கட்டி எஃகுத் தட்டில் 50 நிமிடம் கேட்பாரற்றுக் கிடக்கிறது! உலக மரபணுத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது, நம்மவர் மாதிரிகளே குறைவு; அப்படியிருக்க இங்கே வெற்றிலை புகையிலை போட்ட பாட்டி நம்பிக் கொடுத்த துண்டை நாங்களே வீணடித்திருக்கிறோம்.

அப்புறம் திரவ நைட்ரஜன் குடுவையோடு நானே வாசலில் காத்திருந்து, நோயியல் மருத்துவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தில் நறுக்கித் தந்ததும் 20 நிமிடத்துக்குள் உறைய வைத்தேன். வெட்டிய நேரம், உறைந்த நேரம் இரண்டும் இப்போது பதிவேட்டில் ஏறுகின்றன. ஆர்என்ஏ தேறிவிட்டது. குப்பியில் மார்க்கரால் மட்டும் எழுதாதீர்கள், ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும்.