பிரீமியம் குறையும் என்று கட்சிகள் சொன்னால்: சரிபார்ப்பது எப்படி?

மெடிக்ளெய்ம் பிரீமியம் ஏறுவதைப் பற்றிப் பேசாத கட்சி இன்று இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தீர்வு சொல்கிறது. கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது, சொல்கிற வேலை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான்.

காப்பீடு மத்தியப் பட்டியலில், அதாவது நாடாளுமன்றம் சட்டம் போடும் விஷயங்களில், இருக்கிறது. கம்பெனிகளைக் கண்காணிப்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியல். ஜிஎஸ்டியை மாற்றுவது, மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில். அதில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மாநிலத் தேர்தலில் ஒருவர் "தனியார் பாலிசி பிரீமியத்தைக் குறைப்போம்" என்றால், மானியம் தருவதாகச் சொன்னால் ஒழிய, அது அவர் கையில் இல்லாத வேலை. நாடாளுமன்றத் தேர்தலுக்கு நிற்பவர் "மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுப்படுத்துவோம்" என்றாலும் கிட்டத்தட்ட அதே கதை; மத்தியச் சட்டம் ஒன்று உண்டு, ஆனால் அதை ஏற்காத மாநிலத்தில் அது செல்லாது.

வரி போனதா, பணம் மிச்சமா?

2017 ஜூலையிலிருந்து ஹெல்த் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டி இருந்தது. 2024 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதி அதை நீக்கச் சொன்னார். அடுத்த மாதம் மம்தா பானர்ஜி கடிதம் எழுதினார். இந்தியா கூட்டணி எம்பிக்கள் நாடாளுமன்ற வாசலில் நின்று முழக்கமிட்டார்கள். 2025 செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவெடுத்து, 22ஆம் தேதியிலிருந்து வரி போனது. பாராட்டு முழுவதும் எங்களுக்கே என்று எந்தக் கட்சி போஸ்டர் ஒட்டினாலும் நம்ப வேண்டாம். எல்லாக் கட்சி நிதியமைச்சர்களும் அமர்ந்திருந்த அறை அது. அதே கூட்டத்தையொட்டி எதிர்க்கட்சி மாநிலங்கள் வருவாய் இழப்புக்கு ஈடு கேட்டதும் நடந்தது. அதில் தப்பில்லை, ஜிஎஸ்டியில் பாதி மாநிலத்துக்குப் போகிற பணம். ஆனால் "வரியை நீக்கு" என்று சொல்பவரிடம் "அந்தக் காசு வேறு எங்கிருந்து வரும்?" என்று கேட்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இப்போது உங்கள் கையிலிருக்கும் நோட்டீஸ். வரி நீங்குவதற்கு முன் கட்டிய கடைசி ரசீதையும் புதிய ரினியூவல் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தத் தொகையை விட்டுவிட்டு "அடிப்படை பிரீமியம்" என்ற வரியை மட்டும் ஒப்பிடுங்கள். முன்பு அடிப்படை 30,000 என்றால் வரியோடு 35,400 கட்டியிருப்பீர்கள். வரி போனதும் 30,000 ஆக வேண்டும். புதிய நோட்டீஸில் 34,500 என்று இருந்தால் அடிப்படை 15% ஏறியிருக்கிறது. 5,400 ரூபாய் மிச்சமாக வேண்டிய இடத்தில் 900தான் மிஞ்சுகிறது. இன்னொன்று, முன்பு கட்டிய மொத்தத்தில் வரியின் பங்கு சுமார் 15.25 சதவீதம்தான். "18% குறைந்தது" என்று ஏஜென்ட் சொன்னால் அது அடிப்படைத் தொகையின் கணக்கு.

அடிப்படை ஏறுவதற்கு ஒரு காரணம் வரி விலக்கிலேயே இருக்கிறது. ஏஜென்ட் கமிஷன், சாஃப்ட்வேர், ஆபீஸ் வாடகை இவற்றுக்குக் கம்பெனி கட்டும் ஜிஎஸ்டியை முன்பு உங்களிடம் வாங்கிய வரியில் கழித்துக்கொண்டது. இப்போது கழிக்க முடியாது, அது செலவாகிவிட்டது. சில கம்பெனிகள் அதைக் கமிஷனில் குறைத்துச் சரிக்கட்டின. இல்லாவிட்டால் உங்கள் தலையில்தான்.

விலக்கு தனிநபர் பாலிசிக்கும், ஒரே தொகையைக் குடும்பம் முழுதும் பகிர்ந்துகொள்ளும் குடும்பப் புளோட்டருக்கும் மட்டும். ஆபீஸ் குரூப் பாலிசிக்கு 18% அப்படியே இருக்கிறது. குரூப்பில் அப்பா அம்மாவைச் சேர்த்து, அதற்கான தொகை சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்றால் அந்த வரியை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். வெளியே தனிப் பாலிசி எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். ஆனால் காத்திருப்புக் காலத்தை மறக்காதீர்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை கம்பெனி கவர் தராமல் இருக்கலாம்.

பிரீமியத்துக்கான, 80டி என்று பழகிப்போன வருமான வரிக்கழிவை யாராவது சலுகையாகச் சொன்னால் ஒரு கேள்வி போதும்: பழைய வரி முறையா, புதியதா? புதியதில் அது கிடையாது.

அறுபது தாண்டியவர்களுக்கு

2025 ஜனவரியில் ஐஆர்டிஏஐ ஓர் உத்தரவு போட்டது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கம்பெனி முதலில் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும். நல்ல உத்தரவு, ஆனால் கூட்டுவட்டிபோல வேலை செய்யும்: 40,000 ரூபாய் வருடா வருடம் 10% ஏறினால் ஐந்தாவது ஏற்றத்தில் 64,420.

ஏற்றம் அதிகமாகத் தெரிந்தால் கம்பெனிக்கு ஈமெயில் போடுங்கள்: வயதுப் பிரிவு மாறியதால் எவ்வளவு, கட்டண மாற்றத்தால் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். போனில் கேட்டால் பதில் காற்றோடு போகும். சரியான பதில் இல்லையென்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், அல்லது ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலோ 155255 என்ற எண்ணிலோ பதியுங்கள். ஒரு மாதம் ஆகியும் தீராவிட்டால், கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்; பிரீமியம் சம்பந்தமான தகராறையும் அவர் விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதே விஷயத்துக்கு நுகர்வோர் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார். கம்பெனி மாற நினைத்தால் ரினியூவல் தேதிக்கு 45 நாள் முன்பே போர்ட்டிங் விண்ணப்பம் கொடுங்கள். பாலிசி காலாவதியானால் முடித்த காத்திருப்புக் காலமும் கைவிட்டுப் போகும்.

அட்டைகள்

தனியார் பிரீமியத்தைக் கட்ட முடியாதவர்களுக்குக் கட்சிகள் தந்த பதில் அரசுக் காப்பீடு. 2009இல் திமுக ஆட்சி கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2012இல் அதிமுக ஆட்சி அதை முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாற்றியது. ராஜஸ்தானில் காங்கிரஸ் ஆட்சியின் சிரஞ்சீவி காப்பீட்டுத் திட்டத்தின் தொகை 25 லட்சம் வரை உயர்ந்தது. ஆட்சி மாறியதும் பாஜக அதற்கு வேறு பெயர் வைத்தது. பெயர் மாறும்போது உங்கள் பதிவு தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தமிழ்நாட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடும் கலெக்டர் அலுவலகப் பதிவு மையத்துக்குப் போகலாம். பெரும்பாலும் சிக்குவது ரேஷன் கார்டில்: கல்யாணமாகி வந்த மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை பெயர் ஏறியிருக்காது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

2024 அக்டோபரிலிருந்து 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் என்பது பாஜகவின் தேர்தல் வாக்குறுதியிலிருந்து வந்தது. தனியார் பாலிசி இருந்தாலும் சேரலாம். 5 லட்சம் குடும்பத்துக்கு, ஆளுக்கு இல்லை. தாத்தா பாட்டி இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அறிவிப்பு டெல்லியில் வந்தாலும் நடத்துவது மாநில முகமை. போக நினைக்கும் மருத்துவமனைக்கு முன்பே போன் செய்து, இந்த அட்டையை, குறிப்பாக உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கு, எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். இதயத்துக்கு அங்கீகாரம் பெற்ற இடம் மூட்டுக்குப் பெற்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

5 லட்சமா 25 லட்சமா என்ற ஏலம் மேடைக்கு நன்றாக இருக்கும். ஓர் ஆபரேஷனுக்கு அரசு தரும் பேக்கேஜ் தொகை போதாவிட்டால் மருத்துவமனை "பெட் இல்லை" என்று சொல்லும், அல்லது உபகரணச் செலவு என்று தனியே கேட்கும்.

பில் பக்கம்

பிரீமியம் ஏறுவதற்குப் பெரிய காரணம் மருத்துவமனை பில். கட்சிகள் மெதுவாக நடக்கிற இடமும் இதுதான். கர்நாடகத்தில் 2017இல் காங்கிரஸ் அரசு கட்டணக் கட்டுப்பாட்டோடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீர்த்துப்போன வடிவில் நிறைவேறியது. அதே வருடம் மேற்கு வங்கத்தில் திரிணாமூல் அரசு, பில் புகார்களை விசாரிக்க ஓர் ஆணையத்தையே சட்டத்தில் வைத்தது. கேரளத்தில் இடதுசாரி அரசின் 2018 சட்டம் கட்டணப் பட்டியலை வெளியே எழுதி வைக்கச் சொல்கிறது.

தேர்தல் அறிக்கையின் பிடிஎஃப் கிடைத்ததும் "காப்பீடு" என்று தேடுவதோடு நிறுத்தாமல் "கட்டணம்", "மருத்துவமனை", "ஒதுக்கீடு" என்றும் தேடுங்கள். காப்பீடு மட்டும் பத்து இடத்தில் வந்து, கட்டணம் ஓரிடத்திலும் வராவிட்டால், ஏறும் பில்லைக் கட்டப்போவது அரசுப் பணமா உங்கள் பணமா என்பது மட்டுமே மாறும். வேட்பாளர் தெருவுக்கு வந்தால், பேக்கேஜ் தொகையைக் கடைசியாக எந்த வருடம் திருத்தினார்கள், மருத்துவமனைகளுக்கு எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள்.