மொத்தக் கடையில் மளிகை வாங்குவது எப்படி?

மதுரை கீழமாசி வீதி மாதிரியான மொத்தக் கடைத் தெருவில் மூட்டையைப் பிரித்து நிறுத்து வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம்தான். அந்த மிச்சம் வண்டுக்கும் பூஞ்சைக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் அளவு. நான்கு பேர் இருக்கும் வீட்டில் தினமும் 150 கிராம் துவரம் பருப்பு வேகவைத்தால் மாதம் நாலரை கிலோ ஆகும். மூன்று மாதத்துக்கு 14 கிலோ தாராளம். விலை சல்லிசு என்று 25 கிலோ எடுத்தால் கடைசிப் பத்து கிலோ மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும். பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, புளி ஆகியவற்றை மாதக்கணக்கில் வைக்கலாம். ரவை, கோதுமை மாவு, நிலக்கடலை, முந்திரி எல்லாம் மாதத்துக்கு வேண்டியது மட்டும் போதும். மாவில் சீக்கிரம் புழு வைக்கும், எண்ணெய்ச் சத்துள்ள பண்டம் காறிப்போகும்.

மிளகாய், மல்லி, புளி வாங்க மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். புது வரத்து இருக்கும், காயவைக்க வெயிலும் இருக்கும்.

கடையில் மேலாக வைத்திருக்கும் மாதிரியை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். கையை மூட்டைக்குள் ஆழமாக விட்டு ஒரு பிடி எடுங்கள். குருணையும் தூசியும் அடியில்தான் இறங்கும், அதனால் தீரப்போகும் மூட்டையிலிருந்து வாங்காமல் புது மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள். பத்து கிலோவுக்கு மேல் வாங்குபவருக்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

துவரம் பருப்பைக் கையில் பரப்பினால் உருண்டையாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆப்பு வடிவில் ஒரு பக்கம் சரிந்து, ஓரம் சதுரமாகத் தெரிகிறவை கலப்படமாகச் சேர்க்கும் கேசரிப் பருப்பாக இருக்கலாம். மிளகாயை வளைத்துப் பாருங்கள். நல்ல காய்ச்சல் என்றால் சடக்கென்று ஒடியும், குலுக்கினால் விதை சத்தம் கேட்கும். தோல்போல வளைந்தால் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தின் எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். பிளந்து பார்த்து உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கடுகில் நேரம் செலவழிப்பது வீண் போகாது. பிரம்மதண்டு என்ற களைச்செடியின் விதை கலந்தால் ஆபத்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியவும் தெரியாது. கடுகின் மேல்தோல் வழவழவென்று இருக்கும், பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும். சந்தேகப்பட்ட விதையை நகத்தால் நசுக்குங்கள்: கடுகு உள்ளே மஞ்சள், மற்றது வெள்ளை.

எடை போடும்போது, வெறும் பையையோ டப்பாவையோ வைத்த பிறகு தராசில் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். முழு மூட்டையாக எடுத்தால் சாக்கின் எடையைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். 50 கிலோ சணல் சாக்கே அரைக்கிலோவைத் தாண்டும். அரிசிப் பை 25 கிலோவா 26 கிலோவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, விவரம் அச்சிட்ட பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததால் 26 கிலோ பைகள் பரவின. பை விலையை ஒப்பிடாமல் கிலோ விலையாக வகுத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே டின்னில் கொட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. பருப்பை வேட்டி விரித்து மெல்லிசாகப் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். மாலையில் உள்ளே எடுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளிருக்கும் ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாக வியர்த்துப் பருப்பின் மேலேயே சொட்டும், பத்து நாளில் மக்கல் வாடை வரும். ஆறியதும் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் வண்டு எளிதில் அண்டாது. சமைக்கும்போது நன்றாகக் களைந்துவிட வேண்டும்.

புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, கல் உப்பை இடையிடையே தூவி, மண் பானையில் அழுத்தி அடுக்குங்கள். தகர டின் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும்.

மொத்தச் சரக்கை ஒரே பாத்திரத்தில் வைத்துத் தினமும் திறக்காதீர்கள். வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு பெரிய டின்னை இறுக மூடிவிடுங்கள். மாதம் ஒரு தடவை திறந்து, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். மாவுபோலத் தூள் உதிர்ந்தால் வண்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே சலித்து வெயிலில் போட வேண்டும்.