குமரிக் கடலோரம்: கயாக், அலைப்பலகை, ஒரு பென்சில்

நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை குமரி மாவட்டத்தின் கரை ஏறத்தாழ 72 கிலோமீட்டர். அதைக் கடலில் இருந்து பார்த்து எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறார்கள், நோட்டைச் சாயங்காலம் அறைக்குத் திரும்பிய பிறகுதான் எடுக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் நோட்டு, அடுத்து அலைப்பலகை, கடைசியில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு. எழுத உட்காரும் 20 நிமிடத்தில்தான் கடலையும் படித்து முடிக்க முடியும்.

பிரிட்டன் கரைக்கு எழுதப்பட்ட கயாக் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பாதிக் கணக்கு ஓதத்தைப் பற்றியது, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதைப் பற்றியது. பிரிஸ்டல் சேனலில் பெரிய ஓத நாட்களில் கடல் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஸ்காட்லாந்தின் வடமுனையில் பென்ட்லண்ட் ஃபெர்த்தில் நீரோட்டம் வெள்ளம் வந்த ஆறுபோல ஓடும். குளிர்ந்த தண்ணீரே ஆளைக் கொல்லும் என்பதால் உள்ளே தண்ணீர் புகாத முழு உடையான ட்ரை சூட் இல்லாமல் இறங்கமாட்டார்கள். நம் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், தண்ணீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி இருக்கும். இங்கே ஆளை மடக்குவது அலை, காற்று, வெயில் மூன்றும்தான். ட்ரை சூட் வேண்டாம். முழுக்கைச் சட்டையும், தாடைக்குக் கீழே கட்டும் தொப்பியும், நாலு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் வேண்டும்.

எப்போது

ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராகக் கரையில் வந்து மோதும். அக்டோபர், நவம்பரில் கடல் ஒருநாள் குளம்போலக் கிடக்கும், மறுநாளே புயல் வரும். 2017 நவம்பர் 29, 30இல் ஒக்கி வந்ததை இந்தக் கரை மறக்கவில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நிம்மதியான காலம்.

அதற்குப் பிறகு, குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில், கள்ளக்கடல் வரலாம். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல் கிளப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தினமும் வெளியிடும் கடல் நிலை அறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடாதீர்கள், பக்கத்தில் வினாடிக் கணக்கு ஒன்று இருக்கும். 7 வினாடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலையும் 16 வினாடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலையும் ஒன்றல்ல. இரண்டாவது கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் இரு மடங்குக்கும் மேல், ஆழம் குறையும் இடத்தில் அது இன்னும் உயரமாக எழும்பும். உயரம் ஒரு மீட்டரைத் தாண்டி, கணக்கும் 14 வினாடிக்கு மேலே இருந்தால் அன்றைக்குக் கரையிலேயே உட்கார்ந்து எழுதுங்கள்.

நல்ல மாதங்களிலும் நேரம் முக்கியம். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், 11 மணி வாக்கில் திரும்பிக் கடற்காற்றாகும். காலைக் காற்றை எளிதாக நினைக்கக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று கரையோரம் தென்னைமர மறைவில் மென்மையாகத் தெரியும், அரை கிலோமீட்டர் வெளியே போனதும் முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போதுதான் அதன் பலம் தெரியும். தென்னங்கீற்றின் நுனி மட்டும் ஆடினால் போகலாம். கீற்று முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் அன்றைக்குக் கயாக் வேண்டாம்.

கரையில் 20 நிமிடம்

கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து உட்காருங்கள். நங்கூரமிட்ட வள்ளத்தையோ ஒரு பாறை நுனியையோ குறியாக வையுங்கள். ஓர் அலை முகடு அதைத் தொடும்போது கடிகாரத்தைத் தொடங்கி, அந்த முகட்டைச் சுழியம் என்று எண்ணுங்கள். பத்தாவது முகட்டில் நிறுத்திப் பத்தால் வகுங்கள். முதல் முகட்டை ஒன்று என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை, அதில் கணக்கு பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

அடுத்து, பெரிய அலைகள் கூட்டமாக வருவதைக் கவனியுங்கள். அலைச்சறுக்குக்காரர்கள் இதை செட் என்பார்கள். ஒரு செட்டில் எத்தனை அலை, இரண்டு செட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் கடல் ஓய்ந்திருக்கிறது என்று குறைந்தது மூன்று தடவை எழுதுங்கள். இதுதான் புறப்படும் கணக்கு. அலை உடையும் பட்டை 40 மீட்டர் அகலம் என்றால், நுரைக்குள் துடுப்புப் போடும் புதியவருக்கு வினாடிக்கு ஒரு மீட்டர்தான் கிடைக்கும். அதற்கு 40 வினாடி. உட்கார்ந்து, இருக்கைத் துளைக்குள் தண்ணீர் புகாமல் மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்ட இன்னும் 15. ஓய்வு ஒன்றரை நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தத் துறை உங்களுக்கு ஆகாது.

கடைசியாக இழுவை நீரோட்டம். இரு பக்கமும் வெள்ளை நுரை உடைய, நடுவில் ஒரு சந்து மட்டும் உடையாமல், கலங்கிய மண்நிறத்தில் அமைதியாகத் தெரிந்தால் தண்ணீர் வெளியே ஓடும் வழி அதுதான். கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்சுவர்களான தூண்டில் வளைவுகளின் ஓரத்தில் இது அடிக்கடி உண்டாகும். வெளியூர்க்காரர் குளிக்க இறங்குவதும் அந்த அமைதியான இடத்தைப் பார்த்துத்தான். சிக்கினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், கரைக்கு இணையாக நீந்தி அந்தச் சந்தைத் தாண்டிய பிறகு திரும்புங்கள்.

பலகை

8 அல்லது 9 அடி மென்பலகை, பலகையின் நீளத்துக்குச் சமமான கால்கயிறு. எழுந்து நிற்பது முதல் வாரத்தில் தேவையே இல்லை. ஒரு மணி நேரம் வயிற்றில் படுத்தபடி நுரையில் கரைக்கு வருவதும் கையால் தண்ணீரைத் தள்ளித் திரும்ப உள்ளே போவதுமாக இருங்கள். அலை எங்கே தடுக்கி எழுகிறது, எவ்வளவு தூரம் இழுக்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். அதே அலையில் பின்னால் கயாக்கைக் கொண்டுபோகும்போது யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இடத்தைத் தேர்வது எப்படி? இந்தக் கரையில் பல இடங்கள் செங்குத்தாக இறங்கும், அலை காலடிக்கு வந்து ஒரே மடக்காக மடியும். முழங்கால் தண்ணீரிலிருந்து மூன்று எட்டு வைத்தால் நெஞ்சு மூழ்குகிறதா? பலகையை எடுத்துக்கொண்டு வேறு இடம் போங்கள். சொத்தவிளை போன்ற நீண்ட மணல் கரையில், அலை இடுப்பளவுக்கு மேல் போகாத நாளில், கரையில் ஒருவரை நிறுத்திவிட்டுப் பழகலாம். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள், மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவே பலகையைக் குறுக்கே பிடித்தால் அது நேராக உங்கள் பல்லைத்தான் தேடி வரும்.

கயாக்

முன்னும் பின்னும் நீர்புகா அறைகள் கொண்ட 4.5 முதல் 5 மீட்டர் வரையான கடல் கயாக்தான் இந்த வேலைக்கு. அறை இல்லாத படகில் தண்ணீர் ஏறினால் நூற்றுக்கணக்கான கிலோ கூடிவிடும், அதை இரண்டு பேர் சேர்ந்தாலும் நுரைக்குள் பிடிக்க முடியாது. துடுப்பு 210 முதல் 220 செ.மீ. மிதவைச் சட்டை, விசில், கைப்பம்பு, கவிழ்ந்தபின் படகில் ஏறத் துடுப்பில் மாட்டும் துடுப்பு மிதவை, 15 மீட்டர் இழுவைக் கயிறு ஆகியவை எப்போதும் கூடவே இருக்கட்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை வாங்கச் சொல்லியிருப்பார்கள். இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம். இரண்டு நீர்புகா பைகளுக்குள் செல்போன் போதும். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

புறப்படும்போது மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும். நுரை வந்து அடிக்கும் நொடியில் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்காமல் தண்ணீருக்குள் ஊன்றி இழுங்கள், நின்ற படகைத்தான் அலை திருப்பும். திரும்பி வரும்போது அலையின் முகத்தில் ஏறாமல் அதன் முதுகைப் பின்தொடர்ந்து வாருங்கள். அப்படியும் படகு குறுக்கே திரும்பிவிட்டால் உடம்பு கரைப்பக்கம் சாயத் துடிக்கும், அதுதான் கவிழ்க்கும். அலைப்பக்கம் சாய்ந்து துடுப்பை நுரையின் மேல் வையுங்கள், படகு பக்கவாட்டிலேயே கரைவரை சறுக்கிக்கொண்டு போகும். கவிழ்ந்தால் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்கவே கூடாது. அடுத்த அலை அந்தப் படகைத் தூக்கி உங்கள் முழங்காலில் போடும்.

முதல் பயணத்துக்கு மணக்குடிக் காயல் நல்லது. அலை கிடையாது, கண்டல் மரங்களும் பறவைகளும் உண்டு. அது பாதுகாப்புக் காப்பகப் பகுதி என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மழைக்காலத்தில் பொழி, அதாவது முகத்துவாரத்தை அடைக்கும் மணல் திட்டு, உடைந்திருந்தால் முகத்துவாரத்தின் அருகே போகாதீர்கள். வெளியேறும் ஆற்றுநீரும் உள்ளே வரும் அலையும் மோதுவதால் அலை அங்கே சுவர்போல நிற்கும். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தையும் இதே கணக்கில் வையுங்கள். மணல் சேர்ந்த அந்த இடத்தில் தொழில் தெரிந்தவர்களின் படகுகளே கவிழ்ந்திருக்கின்றன.

கடல் பழகியவர்களுக்கு முட்டத்திலிருந்து குளச்சல் வரை, நேர்கோட்டில் சுமார் 9 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். குளச்சலில் தொடங்கி முட்டத்தில் முடித்தால் பகல் காற்று முதுகுக்குப் பின்னால் வரும் என்று சிலர் திட்டமிடுவார்கள். களைத்த கையோடு முட்டத்துப் பாறைக்கரையில் ஏறுவதைவிட, குளச்சல் துறைமுகத்தின் மறைவில் இறங்குவதே மேல். காலை 6 மணிக்குள் புறப்பட்டால் காற்று திரும்பும் முன்னே முடித்துவிடலாம். வழியில் கடியபட்டணத்துக்கு வெளியே பாறைகளும், பார் எனப்படும் நீருக்கடிப் பாறைத்திட்டுகளும் உண்டு. சில பார்களில் பெரிய செட் வரும்போது மட்டும்தான் அலை உடையும். பத்து நிமிடம் ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று வெள்ளை தெரிந்தால் 200 மீட்டர் தள்ளிப் போங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் கரைக்கும் நடுவே படகுப் போக்குவரத்து உண்டு, அங்கே கயாக்குக்கு இடமில்லை.

துறையும் ஊரும்

துறை என்பது ஊராரின் வேலைத்தலம். கரையில் நின்று இழுக்கும் வலையான கரைமடியை வளைத்திருக்கும்போது அந்தக் கயிற்றுக்கு உள்ளே போகாதீர்கள். வரிசையாக மிதவை தெரிந்தால் கடைசி மிதவையைச் சுற்றிப் போங்கள். பாறையோரம் சிப்பி எடுக்க மூழ்கியிருப்பவரின் தலை சட்டென்று மேலே வரும். முந்தின நாள் மாலையே துறைக்குப் போய், வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "அண்ணாச்சி, நாளைக் காலைல இந்தப் படகுல குளச்சல் வரைக்கும் போகலாம்னு இருக்கோம், தண்ணி எப்படி?" என்று கேளுங்கள். வானிலை அறிவிப்பில் கிடைக்காத பதில் கிடைக்கும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கன்னியாகுமரி, குளச்சல் கடலோரக் காவல் நிலையங்களில் புறப்படும் நேரமும் இறங்கும் இடமும் சொல்லிவிட்டு, அடையாள அட்டையின் நகலைப் படகிலும் வையுங்கள். நோட்டும் கையுமாகத் துறைமுகத்தைச் சுற்றுபவரை விசாரிக்கத்தான் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான துறைகளில் தொழிலுக்குப் போகமாட்டார்கள். வலைத்தொல்லை இல்லை என்று அந்த நாளைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. கவிழ்ந்தால் தூக்கிவிட வள்ளமும் இருக்காது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நோட்டு

நீர்புகா தாள் கொண்ட, உள்ளங்கை அளவு நோட்டு. 2பி பென்சில். ஜெல் பேனா கரைந்து ஓடும், பால்பாயிண்ட் ஈரத்தாளில் வழுக்கும். பென்சிலின் தலையில் ஒரு கீறல் போட்டு, அதில் முடிச்சு உட்காரும்படி தூண்டில் நரம்பைக் கட்டி மிதவைச் சட்டையில் இணையுங்கள். நரம்பு 40 செ.மீ.க்கு மேல் வேண்டாம், துடுப்பில் சுற்றும். குரலைப் பதிவு செய்யலாம் என்று நினைப்பவர்களுக்குத் திரும்பக் கேட்கும்போது காற்றின் இரைச்சல்தான் கிடைக்கும்.

கடலில் வாக்கியம் எழுதாதீர்கள். குனிந்து எழுதும் இரண்டு நிமிடத்தில் படகு குறுக்கே திரும்பிவிடும், அலை உடையும் பட்டைக்கு உள்ளே நோட்டைத் தொடவே கூடாது. நேரம், இடம், கண்ணோ காதோ மூக்கோ பிடித்த ஒன்று, அவ்வளவுதான். இப்படி:

"5.50. முட்டம். கரைக்காற்று, கீற்றுநுனி. 11 வினாடி. செட் 5, ஓய்வு 3 நிமிடம்.
6.40. கடியபட்டணம் வெளியே. கோயில் மணி தண்ணீர் மேல் கிட்டத்தில் கேட்கிறது, கரை தூரம்.
7.15. மணவாளக்குறிச்சி. மணல் கறுப்பு, ஈரம் பட்ட வரி மட்டும் சிவப்பு."

கரையேறிப் படகை மேலே இழுத்த உடனே, சாயா குடிக்கும் முன், பத்து நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் மூன்று நான்கு வரியாக்குங்கள். கறுப்பு மணலுக்கு இல்மனைட், சிவப்புக்குக் கார்னெட் என்ற விளக்கத்தை அப்போது எழுதவேண்டாம், அது வீட்டிலும் கிடைக்கும். வெயில் ஏறியதும் அந்தச் சிவப்பு எப்படி மங்கியது என்பது மறுநாள் நினைவில் இருக்காது. ஊர்க்காரர் சொன்ன கடல் சொற்களை அவர் உச்சரித்தபடியே எழுதி, எந்தத் துறையில் கேட்டது என்றும் குறியுங்கள். நாலு கிலோமீட்டர் தள்ளினால் அதே பாருக்கு வேறு பெயர் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை வெயிலில் காயவைக்காதீர்கள். தாளில் உப்பு இருக்கும்வரை அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பக்கம் பக்கமாக ஒற்றி எடுத்து, கம்பியில் விரித்து, நிழலில் காற்றாட விடுங்கள்.