கிரெஸி கொடியில் தப்பாய்ப் பூத்த லில்லிகள்

1346-இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கிரெஸிப் போரின் ஆங்கிலப் படையை 28 மில்லிமீட்டர் பொம்மைகளாகத் தீட்டிக்கொண்டிருந்தேன். வில்லாளிகள் முடிந்து, கொடி ஏற்றும் நாளில்தான் கண்ணில் பட்டது: ஆங்கில மன்னர் மூன்றாம் எட்வர்டின் கொடியில், நீலக் கட்டத்துக்கு பிரெஞ்சு அரச சின்னமான தங்க லில்லிகள் மூன்றே மூன்று! அது 1415 அஜின்கோர்ட் போரில் பிந்தைய ஆங்கில மன்னர் ஐந்தாம் ஹென்றி பிடித்த கொடி. 1340-இல் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரி எட்வர்ட் சேர்த்துக்கொண்டதோ, லில்லிகளை வாரி இறைத்த பழைய வடிவம். ஓரத்துப் பூக்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அந்த அரைப்பூக்கள்தான் அதன் அழகே.

பிளாஸ்டிக் கொடி என்பதால் பிழைத்தேன். மேடாக நின்ற தங்கத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த நீலத்தை இரண்டு பூச்சு கொடுத்தேன்.

நீலத்தின் மேல் தங்க வண்ணம் நேராக ஒட்டாது, திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் முதலில் காவி மஞ்சள். நடுவில் ஒரு நெட்டுக்கோடு, இருபுறமும் வளைந்த ஒரு புள்ளி, குறுக்கே ஒரு கீற்று, பூ வந்துவிடும். நுனியில் மட்டும் வெளிர்மஞ்சள். மிக மெல்லிய 000 அளவு பிரஷில் வண்ணம் கொடியைத் தொடுமுன்னே காய்ந்துவிடுகிறது. கூர் மழுங்காத 0 பிரஷே போதும்.

சிவப்புக் கட்டத்துச் சிங்கங்களைத் தொடவே இல்லை. அவை இரண்டு காலத்துக்கும் ஒன்றுதான்.