கேஏ எண்ணை டிஎன் ஆக்கும்போது எந்தப் பணம் கட்டாயம், எது உங்கள் விருப்பம்

வங்கியில் வாகனக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெங்களூரு கிளையிலிருந்து மதுரைக்கு மாற்றலாகி வந்தபோது, கேஏ-05 என்று கர்நாடகப் பதிவு எண் போட்ட என் காரும் கூடவே வந்தது. அதைத் தமிழ்நாட்டின் டிஎன் எண்ணாக மாற்றும் வேலையைப் புரோக்கர் இல்லாமல் நானே செய்தேன். அன்றிலிருந்து கிளைக்கு வருகிறவர்களும் எங்கள் தெருக்காரர்களும் இதைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரே ஒரு தொகை எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகுமாம்" என்பார்கள். அந்த "எல்லாம்" என்பதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், பாதிப் பயம் போய்விடும். சட்டம் கேட்கிற பணம் ஒரு பக்கம், நீங்கள் விரும்பினால் மட்டும் கட்டுகிற பணம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே சீட்டில் கலந்து எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

முதல் கேள்வி, எண்ணை மாற்றத்தான் வேண்டுமா என்பது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊர் மாறினால் எண் மாற வேண்டியதில்லை. திருச்சியில் வாங்கிய டிஎன்-45 வண்டி, மதுரையிலோ கோவையிலோ அதே எண்ணோடு கடைசிவரை ஓடலாம். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 33. குடிமாறிய 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி. "மதுரைக்கு வந்துவிட்டீர்களே, டிஎன்-58 வாங்கிவிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். ஊர்ப் பெருமைக்காகக் குறியீட்டை மாற்றித் தருகிற ஏற்பாடு எதுவும் இல்லை. மதுரையிலேயே 58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி என்று மூன்று இருக்கின்றன. எது கிடைக்கும் என்பதை வழக்கத்தில் உங்கள் முகவரிதான் தீர்மானிக்கும்.

வேறு மாநிலத்திலிருந்து வந்தால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் வாங்கியே ஆக வேண்டும். ஆறு மாத வேலைக்கு வந்துவிட்டுத் திரும்பப் போகிறவர்கள் இந்தச் செலவுக்குள் இறங்க வேண்டியதே இல்லை. ஆனால் எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றல் உத்தரவு, வீட்டு வாடகை ஒப்பந்தம், எல்லை தாண்டிய நாளின் டோல் ரசீது, எதுவானாலும் சரி. வழியில் நிறுத்திக் கேட்டால் வாய்ப்பேச்சை விடக் காகிதம் பேசும். இந்த 12 மாதக் கணக்கு எண்ணுக்குத்தான். வரி தனி விஷயம், அது மாநிலத்தின் வரிச் சட்டப்படி நடக்கும். அதனால் நிரந்தரமாகத் தங்கப்போவது உறுதி என்றால் 12 மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் தொடங்கிவிடுவதே நல்லது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதான காருக்கு இங்கே கட்டப்போகும் வரி, நம்பர் பிளேட் செலவு, அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்த மாநிலத்திலேயே விற்றுவிட்டு இங்கே டிஎன் எண்ணுள்ள வண்டி ஒன்றை வாங்குவது பல பேருக்கு லாபமாக முடியும். கடன் கேட்டு வருகிறவர்களிடம் இதை நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. தொடங்க வேண்டிய இடம் பழைய ஊர்தான். அங்கிருந்து என்ஓசி, அதாவது தடையின்மைச் சான்று, வாங்காமல் இங்கே எதுவும் நகராது. பரிவாஹன் இணையதளத்தில் படிவம் 28-ஐ நிரப்பி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதில் சேஸிஸ் எண்ணை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை, பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி ஒட்ட வேண்டும். ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது, முகவரிச் சான்று ஆகியவை கூடவே இருக்கட்டும். வண்டியின் பேரில் இ-சலான், அதாவது போக்குவரத்து அபராதம், பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள், பெரும்பாலான விண்ணப்பங்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. எந்த ஊர் ஆர்டிஓவுக்குப் போகிறது என்பதை என்ஓசியிலேயே எழுதுவார்கள். ஆகவே வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று தெரிந்த பிறகு விண்ணப்பியுங்கள். சென்னையில் வீடு தேடிக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு அலுவலகத்தின் பேரைப் போட்டுவிட்டு, அப்புறம் இன்னொரு எல்லையில் குடியேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்துவது பெரிய பாடு.

அதே சட்டத்தின் 48-ஆம் பிரிவில் உள்ள ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. என்ஓசி விண்ணப்பத்தை அலுவலகம் மறுப்பதென்றால் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்று தரப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிரிவைக் காட்டி இங்கே புதிய எண் வாங்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இங்குள்ள அலுவலகம் காகிதத்தைத்தான் கேட்கும். ஆனாலும் விண்ணப்பம் கொடுத்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு இருந்தால், "30 நாள் ஆகிவிட்டது" என்று பணிவாக நினைவூட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

காரின் மேல் கடன் இருந்தால், வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் என்ஓசி கிடைக்காது. இது என் வேலையிலேயே தினமும் பார்ப்பது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடன் கொடுத்த கிளைக்கு நேரில் போக வேண்டும் என்றில்லை. ஆனால் கடிதம் பழைய ஆர்டிஓவின் பெயருக்கு, வண்டி எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் மூன்றும் பிழையில்லாமல் வர வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் திருப்பி அனுப்புவார்கள். வாங்கியதும் அங்கேயே நின்று ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய ஆர்சியிலும் வங்கியின் பெயர் ஏற வேண்டும். கடன் விவரத்தை ஆர்சியில் பதிய மத்திய விதிப்படி காருக்கு 1,500 ரூபாய். உங்கள் கடனில் சில தவணைதான் மிச்சம் என்றால், முதலில் அதை முடித்து, வங்கியிடம் படிவம் 35 வாங்கி, எச்பி கேன்சல் செய்துவிட்டு, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்கிவிட்டு, எண் மாற்றத்தைத் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் இதுதான் சுலபமான வழி.

இங்கே வந்த பிறகு புதிய எண் கேட்கும் விண்ணப்பம், படிவம் 27. என்ஓசி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, உள்ளூர் முகவரிச் சான்று, முக்கியமாக வண்டி வாங்கிய இன்வாய்ஸ் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என்ஓசி வாங்கிய ஆறு மாதத்துக்குள் இந்த வேலையை முடித்துக்கொள்வது பொதுவான நடைமுறை. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து சேஸிஸ் எண்ணைச் சரிபார்ப்பார். அந்த எண் எங்கே பொறித்திருக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து, மண்ணும் எண்ணெயும் படிந்திருந்தால் துடைத்து வையுங்கள்.

இப்போது பணம். கட்டாயமானவற்றில் பெரியது வாழ்நாள் வரி, மற்றதெல்லாம் அதன் முன்னால் சில்லறைதான். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புதிய காருக்கு விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்கு: 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வெளி மாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயது ஏற ஏற இது குறையும். இன்வாய்ஸ் முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். விலைக்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தொலைந்திருந்தால் வண்டி விற்ற டீலரிடம் நகல் கேளுங்கள், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே.

புதிய எண் ஒதுக்க மத்திய மோட்டார் வாகன விதி 81-இன்படி சொந்தக் காருக்கு 600 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 300. ஸ்மார்ட் கார்டு ஆர்சிக்கு 200. மாநிலத்தின் சேவைக் கட்டணமும் கொஞ்சம் சேரும். இவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் "ஆபீஸ் செலவு" என்று ஒரு வரி இருந்தால், அது எந்த ரசீதில் வரும் என்று கேளுங்கள். ரசீது இல்லாத தொகை உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது.

அடுத்தது விருப்பக் கட்டணங்கள். ஃபேன்சி நம்பர்தான் இதில் முதலில் வருவது. வரிசையில் வருகிற எண்ணை வாங்கிக்கொண்டால் கூடுதலாக ஒரு ரூபாயும் இல்லை. கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும், பழைய வண்டியின் எண்ணே வேண்டும் என்றால் தனிக் கட்டணம். என் தம்பிக்குக் கூட்டுத்தொகையில் நம்பிக்கை அதிகம். ஆசைப்பட்டுக் கட்டுவதில் தவறே இல்லை, ஆனால் எண் ஒதுக்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒதுக்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால் மாற்ற முடியாது. பணத்தையும் அரசுக் கணக்கில் மட்டுமே கட்டுங்கள்.

இரண்டாவது பிஎச் வரிசை, அதாவது மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்றத் தேவையில்லாத பாரத் வரிசை. 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு மட்டும். 2022 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஏற்கெனவே வழக்கமான எண் உள்ள வண்டியையும் இதற்கு மாற்றலாம். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்ட வேண்டும். விகிதம் 10 லட்சத்துக்குக் கீழ் 8, 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 சதவீதம். டீசலுக்கு 2 கூடும், மின்வண்டிக்கு 2 குறையும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாநிலம் விட்டு மாநிலம் போகிற வேலை என்றால் இது வரப்பிரசாதம். ஒரே ஊரில் தங்கப்போகிறவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேதி நினைவு வைத்துக் கட்டுகிற தலைவலி மட்டும் மிஞ்சும். விண்ணப்பிக்கும் முன், உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் இதற்கு என்ன நடைமுறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது புரோக்கர். வயதானவர்கள், விடுப்பு கிடைக்காதவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அது அவர் உழைப்புக்கான கூலி, அரசுக் கட்டணத்தோடு கலக்காமல் தனியாகப் பேசுங்கள்.

புதிய எண் கிடைத்ததும் நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புத் தட்டு கட்டாயம். குரோமியம் ஹோலோகிராம், லேசரில் பொறித்த எண், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டு, முன் கண்ணாடியில் மூன்றாவது தட்டாக ஒட்டும் ஸ்டிக்கர், இவை சேர்ந்ததுதான் அது. ஸ்டிக்கரில் பெட்ரோலுக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதிலும் புதிய எண்தான் இருக்க வேண்டும், பழையதைச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். தட்டைச் சுற்றிப் போடும் பிரேம், மின்னும் எழுத்து எல்லாம் கடைக்காரர் விற்கிற கூடுதல் சரக்கு, வேண்டாம் என்று சொல்லலாம்.

பிறகு இன்சூரன்ஸ் பாலிசியில் எண்ணை மாற்றுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள், விபத்து நடந்த அன்று பாலிசியில் ஓர் எண்ணும் தட்டில் ஓர் எண்ணும் இருந்தால் இழப்பீடு இழுத்தடிக்கும். ஃபாஸ்டாக் கொடுத்த வங்கியிலும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டோலில் பழைய எண்ணே காட்டும்.

கடைசியாக, உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். கர்நாடகத்தில் வாழ்நாள் வரி கட்டியிருந்தால், வண்டி அங்கே ஓடிய காலம் போக மீதி வரியைத் திரும்பக் கேட்கலாம். புதிய டிஎன் ஆர்சியின் நகல், இங்கே வரி கட்டிய ரசீது, என்ஓசி நகல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு பழைய ஆர்டிஓவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பி எக்ஸ்ட்ராக்ட் என்று சொல்கிற பதிவுப் பிரதியை, என்ஓசி வாங்கப் போகும்போதே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வரி கட்டிய விவரத்தைக் காட்ட உதவும். பணம் வரத் தாமதமாகும் என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. புதிய காராக இருந்தால் அந்தத் தொகை, வரி தவிர இங்கே கட்டிய மற்ற எல்லாக் கட்டணங்களையும் விடப் பெரியதாக இருக்கும். ஆர்சி கைக்கு வந்த வாரத்திலேயே பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதை அதே கோப்பில் போட்டு வையுங்கள்.