யாழ்ப்பாணம் போகிறீர்களா? கம்பஸுக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள்

ஊருக்குப் போகிறவர்களின் நாட்கள் விமானம் ஏறும் முன்பே நிரம்பிவிடுகின்றன. கலியாணம், நேர்த்திக்கடன், காணி அலுவல், சொந்தக்காரர் வீடுகள், கடைசி இரண்டு நாள் கொழும்பில் கடை. இதற்குள் ஒரு மாலையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். நினைவுப் பேருரை, கருத்தரங்கு, நூல் வெளியீடு, கச்சேரி, நாட்டிய அரங்கு என்று அங்கே ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். பலவற்றுக்கு ரிக்கற் இல்லை, பொதுமக்கள் போய் இருந்து கேட்கலாம். ஊரில் இன்றைய பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள், எதைப் பற்றி வாதாடுகிறார்கள், எதைப் பாடுகிறார்கள் என்பது சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தால் பாதிதான் தெரியும்.

முதலில் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதான வளாகம் திருநெல்வேலியில் இருக்கிறது. பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி இராமநாதன் வீதியால் உள்ளே நடக்கலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம் இது. 1974இல் இங்கே பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. பெரிய பேருரைகளும் விழாக்களும் நடக்கும் கைலாசபதி கலையரங்கு அவர் பெயரில்தான் இருக்கிறது. மருத்துவ பீடத்தின் கூட்டங்கள் ஹூவர் கலையரங்கில் நடக்கும். அது பிரதான வளாகத்துக்குள் இல்லை. இசை, நடனம் என்றால் மருதனார்மடத்துக்குப் போகவேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சி அறிவியல் நகரில். ஆகவே அழைப்பிதழில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்காதீர்கள். எந்த பீடம், எந்த அரங்கு என்று பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

அடுத்தது திகதி. வெளிநாட்டில் இருந்து போகிறவர்களுக்குச் சிரமம் இங்கேதான். மாதக்கணக்கில் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் போடும் வழக்கம் அங்கே குறைவு. ஒரு கிழமைக்கு முன்புதான் அழைப்பிதழ் வெளியே வரும், சிலவேளை இரண்டு நாளுக்கு முன்பு. பீடத்துக்குப் பீடம் பரீட்சைக் காலமும் விடுமுறையும் வேறுபடும். வேலைநிறுத்தம் வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். பௌர்ணமி நாட்கள் அரசாங்க விடுமுறை. எனவே விமானச் சீட்டுப் போடும்போதே ஒரு நிகழ்வைக் குறிவைக்காமல், யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாட்களில் இரண்டு மாலைகளைச் சும்மா விட்டுவையுங்கள். போய் இறங்கியதும் உள்ளூர்ப் பத்திரிகையைப் புரட்டுங்கள். பல்கலைக்கழக இணையத்தளத்தையும் துறைகளின் முகநூல் பக்கங்களையும் பாருங்கள். எல்லாவற்றையும்விட உறுதியான வழி, அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்பது. உங்கள் சொந்தத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். அழைப்பிதழ் அவர்களுடைய வட்ஸ்அப்பில் முதலில் வந்திருக்கும்.

வாசலில் காவல் உத்தியோகத்தர் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். அரங்கின் பெயரைச் சொல்லுங்கள், கடவுச்சீட்டின் பிரதி ஒன்று கையில் இருந்தால் நல்லது. உடுப்பு அடக்கமாக இருக்கட்டும். அரைக் காற்சட்டையோடு போகாதீர்கள். உள்ளே முன்வரிசை விருந்தினர்களுக்கும் பேராசிரியர்களுக்கும். நாலாவது வரிசைக்குப் பின்னால் இருந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்துதான் பேருரை தொடங்கும். அந்த முக்கால் மணிநேரத்துக்குப் பொறுமை வேண்டும். கலைப்பீடத்துப் பேருரைகள் பெரும்பாலும் தமிழில் இருக்கும், விஞ்ஞானம், மருத்துவம் என்றால் ஆங்கிலம் கூடுதலாக வரும்.

கேள்வி நேரம் கொடுத்தால் கேளுங்கள். ஒரு கேள்வி, இரண்டு வசனம், அவ்வளவும் போதும். வெளிநாட்டில் இருந்து வந்தவர் ஒலிவாங்கியை வாங்கிப் பத்து நிமிடம் பேசினால், கேட்க நினைத்த மாணவியின் கை கீழே போய்விடும். கூட்டம் முடிந்தபின் தேநீரும் வடையும் வைத்திருப்பார்கள். உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும், உடனே கிளம்பிவிடாதீர்கள்.

சரி, மருதனார்மடம். யாழ்ப்பாணத்தில் இருந்து காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் ஏறினால் இணுவிலைத் தாண்டி வரும். இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று ஊர் அழைக்கும் இந்த இடம் 1960இல் இசைக்கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் இங்கே பட்டப்படிப்பு. பக்கத்தில் இருக்கும் இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர, தவில் குடும்பங்களுக்குப் பேர்போன ஊர்கள். கேட்டு வளர்ந்த காது சபையில் இருக்கும் என்று தெரிந்துதான் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். பிரபல வித்துவான்களின் கச்சேரியைவிட இங்குள்ள மாணவர் அரங்கைத்தான் நான் முதலில் சொல்வேன். கொஞ்சம் நேரத்தோடு போனால், மிருதங்கக்காரப் பிள்ளை இடப்பக்கத் தோலில் ரவையைக் குழைத்து ஒட்டி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டிப் பார்ப்பதைக் காணலாம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சனிக்கிழமை வகுப்பில் மிருதங்கம் படிக்கும் உங்கள் மகனை அங்கே கூட்டிப்போய் இருத்துங்கள். தன் வயதுக்குக் கிட்டிய ஒருவர் இதையே வாழ்க்கையாக எடுத்திருக்கிறார் என்று பார்ப்பது அவனுக்குப் பெரிய விஷயம். ஒலிப்பதிவு செய்ய விரும்பினால் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மே 18 (2009இல் முள்ளிவாய்க்காலில் போரின் இறுதியில் இறந்தவர்களை நினைக்கும் நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) போன்ற நாட்களில் வளாகத்துக்குள் மாணவர்கள் நினைவேந்தல் செய்வார்கள். அங்கிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் மீண்டும் கட்டப்பட்டது. போய் வணங்குங்கள். ஆனால் மாணவர்களின் முகம் தெரியப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள், விசாரணை வந்தால் நின்று முகம் கொடுக்கவேண்டியவர்கள் அவர்கள். அதேபோல, உங்களையே பேசக் கூப்பிட்டால் சுற்றுலா விசாவில் அது சரியா என்று அழைக்கும் துறையிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலைக் கூட்டம் ஏழு மணியைத் தாண்டினால் பஸ் குறைந்துவிடும். போகும்போதே ஆட்டோக்காரரின் இலக்கத்தை வாங்கி வைத்திருங்கள்.

கிழக்குப் பக்கம் போகிறவர்களுக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் கல்லடியில். வடமோடி, தென்மோடி என்ற மட்டக்களப்பின் இரண்டு பாணிக் கூத்துகளைப் படிப்பாகவும் ஆட்டமாகவும் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து நேரடி பஸ் உண்டு, ஆனால் தூரம் அதிகம். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காமல் கல்லடியிலேயே இரண்டு இரவு தங்குங்கள். நிறுவகத்தில் அந்தக் கிழமை ஒன்றும் இல்லாவிட்டாலும், பக்கத்துக் கிராமத்தில் எங்கே கூத்து அரங்கேறுகிறது என்று அங்குள்ளவர்களே சொல்லி அனுப்புவார்கள்.