பாலைவனத்து வீட்டிலும் பூஞ்சை வரும்: ஃபீனிக்ஸ் பகுதிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிற ஃபீனிக்ஸில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 7 அங்குலம்தான். வடகிழக்குப் பருவமழை மும்முரமாக இருக்கும்போது சென்னையில் ஒரே நாளில் அவ்வளவு பெய்ததுண்டு. அதனால் சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி பக்கம் வீடு பார்த்து வருகிற நம்மவர்கள் பூஞ்சையைப் பற்றி யோசிப்பதே இல்லை. துணி உலர்த்தினால் நிமிடத்தில் காய்கிற ஊரில் அதற்கு என்ன வேலை என்று நினைக்கிறார்கள். ஆனால் இங்கே வீட்டைக் கெடுக்கிற தண்ணீர் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை. குழாயிலிருந்தும் ஏசியிலிருந்தும், சில சமயம் நம் பழக்கத்திலிருந்தும்தான் வருகிறது.

முதலில் இந்த ஊர்ச் சுவரைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் செங்கல்லும் சிமெண்டும். குழாய் கசிந்தால் ஓதம் ஏறும், பெயிண்ட் பொரியும், ஆனாலும் சுவர் பல மாதம் தாங்கும். இங்கே உள்சுவர் என்பது மரச் சட்டங்களின் மேல் அடித்த டிரைவால் பலகை. ஜிப்சத்தின் இரண்டு முகத்திலும் காகிதம் ஒட்டியிருக்கும். அந்தக் காகிதமும் பின்னால் இருக்கிற மரமும் பூஞ்சைக்கு நல்ல தீனி. சுவரின் உள்ளே காற்று நடமாட்டமே கிடையாது. வெளியே ஈரப்பதம் 10 சதவீதமாக இருந்தாலும், நனைந்த பலகைக்குப் பின்னால் அந்த வறட்சி எட்டிப் பார்ப்பதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வறண்ட காற்று கசிவின் மேல்பரப்பைச் சீக்கிரம் காயவைத்து, தடயத்தை மறைத்துவிடும். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். ஆகவே இந்த ஊரில் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். மூக்கையும் தண்ணீர் மீட்டரையும் நம்புங்கள்.

வீட்டுக்குள் வந்த முதல் நாளே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், மொத்த வீட்டுக்கும் தண்ணீரை அடைக்கிற வால்வு எங்கே என்று தேடிப் பிடியுங்கள். தனி வீடுகளில் பெரும்பாலும் முன்பக்கச் சுவருக்கு வெளியே, தோட்டக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும். நெம்புகோல் மாதிரி இருந்தால் கால் சுற்று திருப்பினால் போதும். வட்டக் கைப்பிடியாக இருந்தால் வலப்பக்கமாக இறுகும்வரை திருப்ப வேண்டும். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கினால் அவர்களுக்கும் காட்டிவிடுங்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது குழாய் வெடித்தால் அவர்கள்தான் அடைக்க வேண்டும். அபார்ட்மெண்ட் என்றால் உங்கள் வீட்டுக்கென்று தனி வால்வு இருக்கிறதா என்று லீசிங் ஆபீஸில் கேளுங்கள். இரவில் கூப்பிட வேண்டிய அவசர எண்ணையும் வாங்கி, எல்லார் போனிலும் போட்டுவையுங்கள்.

குளியலறைதான் நம்மவர்களுக்கு அதிகம் செலவு வைக்கிற இடம்

இங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. பக்கெட் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால் அது குளியல் தொட்டியின் ஓரமாகவும் கதவடிப் பலகை வழியாகவும் இறங்கும். மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டம் விழும். தரையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிக்கும்போது திரைச்சீலையின் அடிப்பகுதி தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். பக்கெட்டும் சொம்பும் வைத்துக் குளிப்பதானால் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து குளியுங்கள். குளித்து முடித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

அடுத்தது ஹெல்த் ஃபாசெட். வந்த வாரமே ஆன்லைனில் வாங்கி டாய்லெட்டில் மாட்டிவிடுகிறோம். அதில் தவறில்லை, ஆனால் மாட்டும் விதம் முக்கியம். டாய்லெட் தொட்டிக்குப் போகிற குழாயில் ஒரு டி-வால்வு பொருத்தி, அதிலிருந்து ஹோஸ் போகும். அந்த டி-வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, கையில் இருக்கிற விசையை மட்டும் விட்டால், ஹோஸுக்குள் இரவும் பகலும் முழு அழுத்தம் நிற்கும். பிளாஸ்டிக் இணைப்போ மலிவான ஹோஸோ என்றைக்காவது ஒருநாள் விட்டுவிடும். யாரும் இல்லாத நேரத்தில் அது நடந்தால் தண்ணீர் படுக்கையறை கார்பெட் வரை போயிருக்கும். பித்தளை டி-வால்வும், மேலே ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸும் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பிறகு டி-வால்வை அடையுங்கள். வாடகை வீடாக இருந்தால் மாட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று ஆகிவிடலாம்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் குழாய்களுக்கும் இதே கதைதான். பழையதாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஐஸ் மேக்கருக்குப் போகிற மெல்லிய குழாயையும் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஏசி, வாட்டர் ஹீட்டர், தரைக்கடியில் ஓடும் குழாய்

2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஏசி ஓடிக்கொண்டேதான் இருக்கும். குளிர்ந்த சுருளில் படிகிற நீர் ஒரு சிறு குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் இருக்கிற பரணில், வைத்திருக்கிற தட்டில் நிரம்பும். அதற்கென்றே இரண்டாவது குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதன் முனை பல வீடுகளில் ஜன்னலுக்கு மேலேயோ வாசலுக்கு மேலேயோ, வேண்டுமென்றே கண்ணில் படும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து சொட்டினால் முதல் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஏசிக்காரரைக் கூப்பிடுங்கள். விட்டால் அடுத்து சொட்டுவது ஹால் கூரையிலிருந்துதான்.

இங்கே தண்ணீர் தாது உப்புகள் மிகுந்த கடின நீர். அதன் படிவு வாட்டர் ஹீட்டரின் அடியில் சேர்ந்து அதன் ஆயுளைக் குறைக்கும். ஹீட்டர் 10 வயதைத் தாண்டியிருந்தால் அடியில் துரு, ஈரம் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

இந்தப் பகுதி வீடுகள் பெரும்பாலும் நேரடியாகக் கான்கிரீட் தளத்தின் மேல் கட்டியவை. பழைய வீடுகளில் செம்புக் குழாய்கள் அந்தத் தளத்துக்கு அடியிலேயே ஓடும். அதில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சுடுநீர்க் குழாய் என்றால் வெறுங்காலோடு நடக்கும்போது தரையில் ஓர் இடம் மட்டும் சூடாக இருக்கும், அல்லது தண்ணீர் பில் காரணமில்லாமல் ஏறும். சந்தேகம் வந்தால் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தெருவோரத்து மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியைத் தூக்கும்போது பிளாக் விடோ என்கிற விஷச் சிலந்தியோ தேளோ இருக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பல மீட்டர்களில் சின்ன முக்கோணமோ சக்கரமோ ஒன்று இருக்கும். எல்லாம் மூடியிருந்தும் அது சுழன்றால் எங்கோ கசிகிறது. இதற்குக் காசு செலவில்லை.

மழைக்காலம் என்று ஒன்று உண்டு

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் என்று வானிலைத் துறை வைத்திருக்கிறது. பெய்தால் அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும், காற்று மழையைப் பக்கவாட்டில் அடிக்கும். ஓட்டுக் கூரை பார்க்க நன்றாக இருந்தாலும், தண்ணீரை உண்மையில் தடுப்பது ஓட்டுக்கு அடியில் விரித்திருக்கிற தாள்தான். வெயில் சூட்டில் அது வெந்து பொடிந்துபோகும், ஓடு மட்டும் அப்படியே இருக்கும். கூரை மூலையில் பழுப்புக் கறை கண்டால் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள்.

முருங்கையும் கறிவேப்பிலையும் இந்த மண்ணில் வரும், நம்மவர்கள் வைக்காமல் இருக்க மாட்டார்கள். வையுங்கள், ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம். வெளிச்சுவரின் அடியில் ஓர் உலோகப் பட்டை ஓடும். சுவருக்குள் போன நீர் வெளியேறுவதற்கான வழி அது. மண்ணைக் குவித்து அதை மூடினால், சொட்டுநீர்க் குழாயின் ஈரம் முழுக்க உள்ளே போகும். மண்மட்டம் அந்தப் பட்டைக்கு 4 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும்.

பழைய வீடுகளில் ஈரத்தால் குளிர்விக்கிற கூலர் இருக்கலாம். வறண்ட மாதங்களில் அருமையாக வேலை செய்யும். மான்சூனில் குளிரும் தராது, வீட்டையும் ஈரமாக்கும். அதேபோல, குளிர்காலத்தில் மூக்கு வறண்டு ரத்தம் வருகிறதென்று குழந்தை அறையில் ஹியூமிடிஃபையர் வைப்பார்கள். ஜன்னலில் நீர் கோக்கும் அளவுக்கு ஓட விடாதீர்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிவையுங்கள். 30-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டக் கூடாது.

தண்ணீர் கொட்டிவிட்டது. இப்போது?

வால்வை அடையுங்கள். படம், வீடியோ எடுங்கள். அப்புறம் காயவைக்க ஆரம்பியுங்கள். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டுதல். கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்ததைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மூலையைத் தூக்கி அடியில் இருக்கிற பஞ்சு மெத்தையைத் தொடுங்கள், அது ஸ்பாஞ்ச் போல நீரைப் பிடித்துவைத்திருக்கும். சுவரின் அடிப்பலகை நனைந்திருந்தால் அதைக் கழற்றித்தான் பின்னால் பார்க்க வேண்டும். ஃபேன் மட்டும் போதாமல் போகலாம், டீஹியூமிடிஃபையர் வாடகைக்குக் கிடைக்கும்.

பூஞ்சை ஏற்கெனவே பிடித்துவிட்டதா? 10 சதுர அடிக்குள் என்றால் நீங்களே செய்யலாம். என்-95 முகக்கவசம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடினமான பரப்பை டிடர்ஜெண்ட் கலந்த நீரால் தேய்த்து முழுக்கக் காயவையுங்கள். பிளீச் ஊற்றிக் கொல்வதில் பெரிய பயனில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும், அதனால் அகற்றுவதுதான் தீர்வு. ஊறிப்போன டிரைவால், கார்பெட் பஞ்சு போன்றவற்றை வெட்டி எறிய வேண்டும். கறுப்பாக இருந்தால் விஷம், பச்சையாக இருந்தால் பரவாயில்லை என்று நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. எந்த வகை என்று பரிசோதிக்கப் பணம் செலவழிக்கவும் பெரும்பாலும் தேவை இல்லை. எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கசிவை நிறுத்தி, பூஞ்சையை எடுக்க வேண்டும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் அவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலி ஃபீவர் என்று அரிசோனாவில் ஒரு நுரையீரல் நோய் உண்டு. அதுவும் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் பாலைவன மண்ணில் வாழ்கிற வேறு பூஞ்சை, தூசியோடு மூச்சில் போவது. இருமலும் அசதியும் வாரக்கணக்கில் போகாவிட்டால் டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வாடகைக்காரர்கள் கவனத்துக்கு

அரிசோனா சட்டப்படி வீட்டை வசிக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. கசிவைக் கண்டால் உடனே எழுத்தில் சொல்வது உங்கள் கடமை. போனில் சொன்னதோடு விடாதீர்கள். தேதியும் படங்களும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்துப் பெற்றதற்கு அத்தாட்சி வாங்குங்கள். உடல்நலத்தைப் பாதிக்கிற குறை என்றால் 5 நாள், மற்றவை என்றால் 10 நாள் அவகாசம். அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் வழி சட்டத்தில் இருக்கிறது. சின்ன வேலை என்றால், எழுத்தில் சொல்லி 10 நாள் பொறுத்த பிறகு, லைசன்ஸ் உள்ளவரை வைத்து நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். 300 டாலர் அல்லது அரை மாத வாடகை, எது அதிகமோ அதுவே வரம்பு. கோபத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள், வீட்டைக் காலி செய்ய வைக்கும் வழக்கு உங்கள் மேல் வரும்.

உரிமையாளரின் காப்பீடு உங்கள் சோபாவுக்கும் லேப்டாப்புக்கும் பணம் தராது. அதற்கு நீங்கள் வாடகைக்காரர் காப்பீடு எடுக்க வேண்டும். திடீரென்று குழாய் வெடித்தால் காப்பீடு பொதுவாகப் பணம் தரும். மாதக்கணக்கில் கசிந்ததற்கும் வெளியிலிருந்து புகுந்த வெள்ளத்துக்கும் தராது. பூஞ்சைக்குத் தனியாகக் குறைந்த வரம்பு வைத்திருப்பார்கள், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிரதான வால்வை அடைத்துவிட்டு, வாட்டர் ஹீட்டரை விடுமுறை நிலைக்கு மாற்றுங்கள். மான்சூன் மாதங்களில் ஏசியை முழுதாக நிறுத்தாமல் 85 டிகிரியில் விடுங்கள்.

வீடு வாங்குகிறவர்களுக்கு அரிசோனாவின் வழக்கமான ஒப்பந்தத்தில் 10 நாள் சோதனைக் காலம் உண்டு. விற்பவர் வீட்டின் குறைகளை எழுதித் தரும் படிவத்தோடு, 5 வருடக் காப்பீட்டுக் கோரிக்கை வரலாறும் தர வேண்டும். அதில் தண்ணீர்ச் சேதம் என்று இருந்தால் எந்த அறை, யார் சரிசெய்தார்கள், ரசீது எங்கே என்று கேளுங்கள். 1978-க்கும் 1995-க்கும் இடையில் கட்டிய வீடு என்றால் குழாய்கள் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலினா என்று பார்க்கச் சொல்லுங்கள், அவை வெடிப்பதற்குப் பேர்போனவை. வீட்டைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வரும் நாளில் லீவு போட்டுக் கூடவே நில்லுங்கள். சமையலறைத் தொட்டிக்கு அடியிலும் ஷவருக்குப் பின்சுவரிலும் ஈரமானியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.